டிவி அடுப்பும் ஹோட்டல் அடுப்பும்: வாசகர் கேள்வி - பதில்

பிரிட்டனின் டிவி சமையல் கலைஞர் ஜேமி ஆலிவரின் 22 உணவகங்கள் 2019 மே மாதம் ஒரே நாளில் மூடப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த இதழில் அதிகம். சமையல் நிகழ்ச்சிகள் பற்றியும் ஹோட்டல் தொழில் பற்றியும் வந்த வேறு சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.

கே: ஜேமி ஆலிவர் முறையாகச் சமையல் கற்றவரா? இல்லை, முகராசியால் டிவிக்கு வந்தவரா? (வாசகர், கும்பகோணம்)

ப: கற்றவர். அவர் பிறந்தது 1975-ல். அவருடைய பெற்றோர் எஸ்ஸெக்ஸில் கிளேவரிங் என்ற கிராமத்தில் 'தி கிரிக்கெட்டர்ஸ்' என்ற பப் நடத்தினார்கள். சிறு வயதிலேயே அந்தச் சமையலறையில் எடுபிடி வேலை செய்து வளர்ந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு இத்தாலியச் சமையல் கலைஞர் அன்டோனியோ கார்லுச்சியோவின் நீல் ஸ்ட்ரீட் உணவகத்தில் பேஸ்ட்ரி பிரிவில் வேலை. ரொட்டியும் பாஸ்தாவும் சொல்லிக்கொடுத்த ஜென்னாரோ கோன்டால்டோ அவருக்குக் கிடைத்தது அங்கேதான். அடுத்து லண்டனின் ரிவர் கஃபே உணவகத்தில் சூ ஷெஃப், அதாவது தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த இடம்.

1997-ல் ரிவர் கஃபேயைப் பற்றி பிபிசி ஆவணப்படம் எடுத்தபோது, வேலை செய்துகொண்டே சரளமாகப் பேசிய இந்த இளைஞர் கேமராவில் பதிந்தார். தயாரிப்பாளர் பாட் லெவெலின் அவரை வைத்து உருவாக்கிய 'தி நேக்கட் ஷெஃப்' 1999-ல் ஒளிபரப்பானது. அப்போது வயது 23. கேமராவைப் பார்த்து வகுப்பெடுக்காமல், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கும் லெவெலினிடம் அவர் பேசிக்கொண்டே சமைப்பார். அந்த இயல்புதான் நிகழ்ச்சியின் பலம்.

பேச்சுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது. ரிவர் கஃபேயில் மதியத்துக்கு ஒரு மெனு, இரவுக்கு ஒரு மெனு என்று அன்று வந்த பொருளைப் பார்த்து மாற்றுவார்கள். அப்படிப்பட்ட சமையலறையில் நின்றவருக்குக் கை தானாக வேலை செய்யும். வாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

கே: டிவியில் ஐந்து நிமிடத்தில் குழம்பு கொதித்து இறங்கிவிடுகிறது. உண்மையிலேயே அங்கே சமைக்கிறார்களா? (வாசகி, திருநெல்வேலி)

ப: சமைக்கிறார்கள். ஒரே சட்டியில் அல்ல. ஒரு குழம்பைக் காட்ட வேண்டுமானால் குறைந்தது மூன்று செட் தயாராக இருக்கும். எடை போட்டு, நறுக்கி, கிண்ணங்களில் பிரித்து வைத்த பச்சைப் பொருள் முதல் செட். தாளித்து, வெங்காயம் தக்காளி வதங்கி, எண்ணெய் பிரியும் கட்டத்தில் நிற்கும் சட்டி இரண்டாவது. முழுதாக வெந்து இறக்கியது மூன்றாவது. தட்டில் அலங்கரித்துக் கடைசியில் காட்டுவதற்கு பல நேரம் நான்காவதாக ஒன்றும் இருக்கும். படப்பிடிப்புத் தளத்துக்குப் பின்னால் தனிச் சமையலறை இயங்கும். அதை நடத்துபவரை பிரிட்டனில் ஹோம் எகானமிஸ்ட் என்கிறார்கள். அளவுகளை முன்கூட்டிச் செய்துபார்த்துச் சரிசெய்வதும் பெரும்பாலும் அவர்தான்.

தவறுகள் நேர்வது சட்டி மாறும் இடத்தில். முதல் சட்டியும் இரண்டாம் சட்டியும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பிடி உள்ளதாக இருக்க வேண்டும். எண்ணெயின் மட்டம், கறிவேப்பிலை கிடக்கும் இடம், கரண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை எல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். கையை மட்டும் காட்டும் க்ளோஸ்-அப் காட்சிகள் தனியாக எடுக்கப்படும். மோதிரம் ஒரு காட்சியில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால் அந்தக் காட்சியே வீண்.

பார்ப்பவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். வதக்கும் சத்தம் மைக்கில் ஏறிப் பேச்சை அமுக்கிவிடும் என்பதால், பேசும்போது தீயைக் குறைத்துவிடுவார்கள். 'வெங்காயம் பொன்னிறமாகட்டும்' என்று சொன்னபின் திரையில் 40 விநாடியில் பொன்னிறமாகிவிடும். வீட்டில் அரை கிலோ வெங்காயம் நடுத்தரத் தீயில் பொன்னிறமாக 15 நிமிடமாவது வேண்டும். டிவியைப் பார்த்து அவசரமாகத் தக்காளி சேர்த்தால், தக்காளியின் நீரிலும் புளிப்பிலும் வெங்காயம் அப்படியே நின்றுவிடும். குழம்பில் பச்சை வாசனை வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஜேமியின் '30 நிமிடச் சமையல்' நிகழ்ச்சியைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 2010-ல் புத்தகமாகவும் வந்து பிரிட்டனில் விற்பனைச் சாதனை படைத்தது. கடிகாரம் ஓடத் தொடங்கும்போதே கெட்டிலில் கொதிநீர் இருக்கும், ஓவன் சூடாகியிருக்கும், ஃபுட் பிராசஸர் மேடைமேல் இருக்கும், பொருள்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இவற்றை முதலில் செய்துகொள்ளுங்கள் என்று புத்தகமும் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமைக்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

கே: யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். 'நீங்கள் சொன்னபடி செய்தேன், சரியாக வரவில்லை' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எங்கே தவறு? (வாசகி, ஈரோடு)

ப: பெரும்பாலும் அளவில்தான். உங்கள் கப் 200 மில்லியா, 240 மில்லியா? பார்ப்பவர் வீட்டு டம்ளர் என்ன? அளவு ஸ்பூனில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. வீட்டில் 'பெரிய ஸ்பூன்' எனப்படுவது இதில் எதற்கும் பொருந்தாது. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். அதே ஸ்பூனில் கல் உப்பு எடுத்தால் எடை மாறிவிடும். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி மாவு, பருப்பு, உப்பு, புளி, தேங்காய் எல்லாவற்றையும் கிராமில் சொல்லுங்கள்.

பாத்திரத்தின் அகலத்தையும் சொல்ல வேண்டும். 20 செ.மீ. வாணலியில் ஒரு கிலோ கோழியைப் போட்டால் அது வறுபடாது, தன் நீரிலேயே வெந்துவிடும். 30 செ.மீ. வாணலியில் அதே கோழி வறுபடும். 'பத்து நிமிடம்' என்பதோடு அந்தப் பத்து நிமிட முடிவில் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்கும், குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கும், கரண்டியால் இழுத்தால் அடி ஒரு கணம் தெரியும். பதிவேற்றுமுன், சமைக்கத் தெரிந்த இன்னொருவரிடம் எழுதிக்கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே உங்கள் வரி தெளிவாக இல்லை.

கே: பள்ளி மதிய உணவுக்காக ஜேமி போராடினார் என்கிறார்களே, அதில் உண்மையில் என்ன மாறியது? (ஆசிரியர், விழுப்புரம்)

ப: 2005-ல் சேனல் 4-ல் வந்த நான்கு பகுதித் தொடர் அது. லண்டன் கிரீனிச்சில் கிட்புரூக் பள்ளிச் சமையலறையில் நோரா சேண்ட்ஸ் என்ற சமையல் பொறுப்பாளரோடு அவர் வேலை செய்தார். ஒரு பிள்ளைக்கு மதிய உணவுப் பொருளுக்காகக் கிடைத்தது 37 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு). அந்தக் காசுக்கு வந்ததெல்லாம் ஓவனில் சூடாக்கித் தட்டில் போடும் உறைந்த பண்டங்கள். பல பள்ளிகளில் ஊழியர்களுக்குக் காய் நறுக்கிச் சமைக்கும் நேரமே சம்பளத்தில் கணக்கிடப்படவில்லை. சமைக்கத் தொடங்கியதும் முதலில் திணறியது அங்கேதான். பிள்ளைகளும் தட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். காய்களை வேகவைத்துத் தக்காளி சாஸோடு நன்றாக அரைத்துவிடுவது போன்ற உத்திகள் கொஞ்சம் கைகொடுத்தன.

தொடர் முடிந்தபோது 2,71,677 பேர் கையெழுத்திட்ட மனு பிரதமர் அலுவலகத்துக்குப் போனது. அரசு 28 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பள்ளி உணவுக்குப் புதிய தரவிதிகள் வந்தன. எதிர்ப்பும் இருந்தது. 2006-ல் ராதர்ஹாம் அருகே ராமார்ஷ் பள்ளியில் சில தாய்மார்கள் வேலிவழியே பர்கரும் சிப்ஸும் கொடுத்தது நாடு முழுவதும் செய்தியானது. மெனுவை மாற்றும்போது பெற்றோரை முதலிலேயே அழைத்துச் சுவைக்கக் கொடுக்காதது அந்த இயக்கத்தின் பெரிய குறை என்பது எங்கள் கருத்து.

கே: அவருடைய முதல் ஹோட்டல் எது? (வாசகர், சேலம்)

ப: 2002-ல் கிழக்கு லண்டனில் திறந்த 'ஃபிஃப்டீன்'. வேலையில்லாத 15 இளைஞர்களைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்து நடத்திய உணவகம். பயிற்சி முழுவதையும் 'ஜேமீஸ் கிச்சன்' தொடரில் காட்டினார்கள். பின்னர் ஆம்ஸ்டர்டாம், கார்ன்வால், மெல்போர்ன் ஆகிய இடங்களிலும் கிளைகள் வந்தன. பயிற்சி நிலையத்தையும் கட்டணம் வாங்கும் உணவகத்தையும் ஒரே அடுப்பில் நடத்துவது கடினம். ஒரு பயிற்சியாளருக்கு ஒரு தேர்ந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் சம்பளச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது தெரிந்தே செய்தார் என்பதால் எங்களுக்கு அவரிடம் மதிப்பு அதிகம்.

கே: அவ்வளவு பெயர், அவ்வளவு ரசிகர்கள். பிறகு ஏன் ஹோட்டல்கள் மூழ்கின? நிர்வாகக் கோளாறா, சாப்பாடு சரியில்லையா? (வாசகர்கள் பலர்: மதுரை, கோவை, யாழ்ப்பாணம்)

ப: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

'ஜேமீஸ் இட்டாலியன்' 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. கடையிலேயே அன்றன்று செய்த பாஸ்தா, நடுத்தர விலை, கலகலப்பான இடம். அந்த ஆண்டுதான் பொருளாதார நெருக்கடி வந்தது. கையில் பணம் குறைந்தவர்கள் விலையுயர்ந்த உணவகங்களை விட்டு இங்கே வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். கிளைகள் பெருகி, உச்சத்தில் பிரிட்டனில் மட்டும் 40-ஐத் தாண்டின.

சரிவு 2017 ஜனவரியில் 6 கிளைகளை மூடும் அறிவிப்போடு வெளியே தெரிந்தது. 2018 தொடக்கத்தில் மொத்தக் கடன் 7 கோடியே 15 லட்சம் பவுண்டு என்று வெளிவந்தது. 37 கிளைகளில் 12-ஐ மூட முடிவானது. ஜேமி தன் சொந்தப் பணத்திலிருந்து சுமார் 1 கோடியே 27 லட்சம் பவுண்டைப் போட்டார். 2019 மே 21 அன்று நிறுவனம் கேபிஎம்ஜி என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் நிர்வாகிகள் கைக்குப் போனது. எல்லாப் பெயர்களிலும் சேர்த்து அப்போது இருந்த 25-ல் 22 உணவகங்கள் அன்றே மூடப்பட்டன. ஃபிஃப்டீனும் அவற்றில் ஒன்று. கேட்விக் விமான நிலையத்தில் இருந்த மூன்று மட்டும் தப்பின. சுமார் 1,000 பேருக்கு வேலை போனது.

இனி காரணம். ஹோட்டல் கணக்கில் சில செலவுகள் கூட்டத்தோடு ஏறி இறங்கும், சில அசையாது. பிரிட்டனில் நடுத்தர உணவகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மெனுவில் 12 பவுண்டு என்று போட்டால் அதில் 2 பவுண்டு வாட் வரியாக அரசுக்குப் போய்விடும். கடைக்கு வருவது 10. இப்படி வரிபோக வரும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் பொருளுக்கு 28, சம்பளத்துக்கு 33, வாடகைக்கும் கட்டட வரிக்கும் 15, மின்சாரம், எரிவாயு, சலவை, பழுது, விளம்பரத்துக்கு 14 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 10. நன்றாக நடக்கும் கடை.

இப்போது கூட்டம் 15 சதவீதம் குறைகிறது. வரவு 85. பொருள் செலவு அதே விகிதத்தில் குறைந்து 23.8 ஆகும். சம்பளம் அப்படிக் குறையாது. மேசைகள் காலியாக இருந்தாலும் அடுப்புக்கு ஒருவர், கிரில்லுக்கு ஒருவர், பாத்திரத்துக்கு ஒருவர் வேண்டும். மிஞ்சிப்போனால் 31 வரை குறையும். வாடகை 15 அப்படியே நிற்கும். மற்றவை 13.5. மொத்தச் செலவு 83.3. மிச்சம் 1.7 மட்டுமே.

கூட்டத்தை இழுக்க, மெயிலில் 25 சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்புகிறார்கள். வருபவர்களில் பாதிப் பேர் கூப்பனோடு வந்தால், புது ஆட்கள் சேராத பட்சத்தில் வரவு 74.4 ஆகிவிடும். செலவு அதே 83.3. கிட்டத்தட்ட 9 பவுண்டு நஷ்டம். கூப்பனுக்குப் பழகியவர் அடுத்த முறை முழு விலை கொடுக்க மாட்டார். தொழிலில் உள்ளவர்கள் இதைக் கண்ணால் பார்த்தும் நிறுத்த முடியாமல் தவிப்பது இதனால்தான்: நிறுத்தினால் அந்தப் பாதியும் வராது.

இந்தக் கணக்கின் மேல் வெளியிலிருந்து விழுந்த அடிகள் வேறு. பிரிட்டனில் கடை வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு இருக்கும். வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடகையை மறுபரிசீலனை செய்வார்கள், அதில் வாடகை ஏறும் அல்லது நிற்கும், இறங்காது. 2016 ஏப்ரலில் புதிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.20 பவுண்டாக வந்தது. 2019 ஏப்ரலில் 8.21 ஆனது. கூலி உயர்ந்தது நியாயமே. ஆனால் விலையை அதே அளவு ஏற்ற முடியாத கடைக்கு அது மூச்சை அடைக்கும். 2016 ஜூன் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டு சரிந்தது. பார்மெசான் சீஸ், ஆலிவ் எண்ணெய், டின் தக்காளி, ஹாம் என்று இத்தாலிய மெனுவின் முதுகெலும்பெல்லாம் இறக்குமதி. 2017 ஏப்ரலில் கட்டடங்களின் மதிப்பைத் திருத்தியதில் முக்கியத் தெருக்களில் வரி கூடியது.

இவை எல்லோருக்கும் வந்தவை. 2018-ல் பிரெஸ்ஸோ என்ற உணவக நிறுவனம் 94 கிளைகளை மூட முடிவெடுத்தது. பைரன் பர்கர், கார்லுச்சியோஸ் ஆகியவையும் அதே ஆண்டில் வாடகை குறைப்புக்காகக் கடன்காரர்களிடம் போய் நின்றன. கார்லுச்சியோஸ், ஜேமிக்கு முதல் வேலை தந்த அதே கார்லுச்சியோ தொடங்கிய பெயர்.

ஜேமியின் கடைகளுக்கு மட்டும் உரிய பலவீனங்களும் உண்டு. முதல் முறை வருபவரை அவர் முகம் அழைத்து வந்தது. அவர் அங்கே சமைப்பதில்லை என்பது வருபவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் டிவியில் காட்டிய சுவையை எதிர்பார்த்துத்தான் உட்காருவார். பத்துக் கிளைகளில் அந்தத் தரத்தைத் தரப் பயிற்சியாளர்கள் கிடைப்பார்கள். 40 கிளைகளுக்குக் கிடைப்பது அரிது. இன்னொன்று, அவர் டிவியில் கற்றுக்கொடுத்ததே வீட்டில் அரை மணியில் பாஸ்தா செய்வதை. அதைக் கற்றவருக்கு அதே தட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்க வலுவான காரணம் வேண்டும். பெரிய பெரிய இடங்களை நீண்டகால வாடகைக்கு எடுத்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நாங்கள் நினைக்கிறோம். சாப்பாட்டுத் தரத்தை ஆறு மாதத்தில் சரிசெய்யலாம். கையெழுத்திட்ட வாடகையை அப்படி முடியாது.

கே: 'கடன்காரர்களிடம் போய் நிற்பது' என்றால் திவால் ஆவதா? (வாசகர், நாகர்கோவில்)

ப: இல்லை. பிரிட்டனில் சிவிஏ என்று ஒரு வழி உண்டு. நிறுவனம் 'இவ்வளவு தருகிறோம், இந்தக் கிளைகளை மூடுகிறோம், இவற்றுக்கு வாடகையைக் குறையுங்கள்' என்று திட்டம் வைக்கும். கடன் மதிப்பில் 75 சதவீதம் உள்ளவர்கள் ஒப்புக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். ஜேமியின் நிறுவனம் 2018-ல் செய்தது இது. 2019-ல் நடந்தது அடுத்த கட்டம்: நிர்வாகம் வெளியாள் கைக்குப் போய்விடும், வாங்க ஆள் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் மூடுவார்கள். அதில் முதலில் அடிபடுவது காய்கறி, மீன் போடும் சிறு வியாபாரிகள். அடமானம் வாங்கிய வங்கி முன்னால் நிற்கும், இவர்கள் கடைசி வரிசை. ஒரே பெரிய ஹோட்டலுக்கு மாதக்கணக்கில் கடனுக்குச் சரக்கு போடும் நம்மூர் வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

கே: மூடிய பிறகு ஜேமி என்ன செய்கிறார்? (வாசகி, தஞ்சாவூர்)

ப: புத்தகங்களும் டிவியும் நிற்கவே இல்லை. அவை தனி நிறுவனங்கள். வெளிநாட்டுக் கிளைகள் உள்ளூர்க்காரர்கள் உரிமம் பெற்று நடத்துபவை என்பதால் அவற்றையும் 2019-ன் சரிவு நேரடியாகத் தொடவில்லை. 2023 நவம்பரில் லண்டன் கேத்தரின் ஸ்ட்ரீட்டில், ட்ரூரி லேன் நாடக அரங்கக் கட்டடத்தில் மீண்டும் ஓர் உணவகம் திறந்தார்.

கே: டிவியில் வந்தும் ஹோட்டல் தொழிலில் நிலைத்தவர்கள் இல்லையா? (வாசகர், வேலூர்)

ப: உண்டு. ரிக் ஸ்டைன் 1975-ல் கார்ன்வாலின் பேட்ஸ்டோ என்ற மீன்பிடித் துறைமுகத்தில் கடலுணவகம் திறந்தார். அவருடைய சொந்தத் தொடர் 'டேஸ்ட் ஆஃப் தி ஸீ' வந்தது 1995-ல். இடையில் 20 ஆண்டுகள். கடை கால் ஊன்றிய பிறகுதான் டிவி வந்தது. வந்த கூட்டத்தை அதே ஊரில் மீன் வறுவல் கடை, விடுதி, சமையல் பள்ளி என்று பிரித்து வைத்துக்கொண்டார். மற்ற ஊர்களுக்குப் பரவியது பின்னால்தான். ஊர்க்காரர்கள் அந்த ஊரை 'பேட்ஸ்டைன்' என்று சொல்லுமளவுக்குப் போனது. அதில் கொஞ்சம் வருத்தமும் கலந்திருக்கிறது, வீட்டு விலை ஏறிவிட்டதே என்று.

நேர்மாறாக, ஸ்டைனைத் தன் நிகழ்ச்சியில் காட்டி டிவிக்கு அறிமுகம் செய்த கீத் ஃபிளாய்ட் அற்புதமான நிகழ்ச்சியாளர். டெவன் பகுதியில் அவர் நடத்திய பப் அவரைத் திவாலாக்கியது.

கே: சஞ்சீவ் கபூரின் ஹோட்டல்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர் எப்படிச் சமாளிக்கிறார்? (வாசகர், பெங்களூரு)

ப: அவரும் தொழில்முறைச் சமையலறையிலிருந்து வந்தவர். டெல்லி பூசாவில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து, மும்பை சென்டார் ஹோட்டலில் எக்ஸிகியூட்டிவ் ஷெஃப்பாக இருந்தபோது 1993-ல் ஜீ டிவியில் 'கானா கஜானா' தொடங்கியது. 2001-ல் லூதியானாவில் முதல் 'யெல்லோ சில்லி' உணவகம். 2011-ல் சொந்தமாக 'ஃபுட்ஃபுட்' சேனல்.

யெல்லோ சில்லி பெரும்பாலும் ஃபிரான்சைஸ் முறையில் பரவியது. அந்த முறையில் இடத்தின் வாடகையும் உள்ளலங்காரமும் ஆள் சம்பளமும் உரிமம் எடுப்பவர் பொறுப்பு. பெயர் கொடுப்பவருக்கு ராயல்டி. ஜேமியை வீழ்த்திய வாடகைச் சுமை இங்கே பெயர் கொடுத்தவர் தலையில் விழாது. ஆனால் தரம் கெட்டால் கெடுவது அவர் பெயர்தான்.

அதைக் காப்பாற்றும் வழி பேஸ் கிரேவி. வெங்காய-தக்காளி கிரேவி, மக்கனி கிரேவி, முந்திரி சேர்த்த வெள்ளை கிரேவி என்று மூன்று நான்கை எடை அட்டைப்படி மொத்தமாகச் செய்து வைத்து, ஆர்டர் வரும்போது அதிலிருந்து பிரித்து முடிப்பார்கள். அட்டையில் நறுக்குமுன் எடை, நறுக்கிய பின் எடை, செய்து முடித்தபின் எடை மூன்றும் இருக்க வேண்டும். வெங்காயம் உரித்து வதங்கி முடிக்கையில் பாதிக்கும் கீழே போய்விடும். இறுதி எடையைப் பார்க்காத சமையலறையில் ஒரு நாள் கிரேவி கெட்டியாகவும் மறுநாள் நீர்த்தும் வரும்.

இன்னொரு ஆபத்து ஆறவைப்பதில். 20 லிட்டர் கிரேவியை அண்டாவோடு மூடி வைத்தால் நடுப்பகுதி இரவு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். காலையில் புளித்திருக்கும். நான்கு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி, 60 டிகிரி செல்சியஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21-க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்கும் இறக்க வேண்டும். அடியில் ஐஸ் தண்ணீர் வைத்தால் எளிது.

கே: சமையல் கலைஞர்களில் பத்மஸ்ரீ பெற்றவர்கள்? (வாசகர், காரைக்குடி)

ப: தர்லா தலால் (2007), இம்தியாஸ் குரேஷி (2016), சஞ்சீவ் கபூர் (2017). நம் செஃப் தாமு என்கிற கே. தாமோதரனுக்கு 2025-ல்.

கே: மகன் பிளஸ் டூ முடிக்கிறான். டிவி ஷெஃப் ஆக வேண்டும் என்கிறான். என்ன படிக்க வைப்பது? (பெற்றோர், திண்டுக்கல்)

ப: சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியான ஐஎச்எம் இருக்கிறது. தேசிய அளவிலான நுழைவுத்தேர்வு எழுதிச் சேர வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பு. முடித்ததும் கமி, டெமி ஷெஃப், ஷெஃப் டி பார்ட்டி, சூ ஷெஃப் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். தொடக்கத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றபடி வேலை, பண்டிகை நாளில் விடுப்பு கிடையாது. படிப்பில் சேர்க்குமுன் கோடை விடுமுறையில் ஒரு மாதம் உள்ளூர் ஹோட்டல் ஒன்றில் நிற்கச் சொல்லுங்கள். 25 கிலோ வெங்காயம் உரித்த பிறகும் ஆசை இருந்தால் தயங்காமல் சேருங்கள். டிவியை இப்போதைக்கு மறந்துவிடலாம். மேற்சொன்ன எல்லோரும் சமையலறையில் ஆண்டுக்கணக்கில் நின்ற பிறகே கேமரா முன் வந்தவர்கள்.

கே: முட்டை சேர்த்த பாஸ்தாவை வீட்டிலேயே செய்ய முடியுமா? இரண்டு முறை மாவு விரிசல் விட்டுப் போனது. (வாசகி, புதுச்சேரி)

ப: முடியும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது பிரிட்டிஷ் புத்தகங்களின் கணக்கு. நம் முட்டைகள் பல சமயம் சிறியவை, அதனால் மாவு வறண்டு விரிசல் விடுகிறது. ஓடு நீக்கிய முட்டையை எடை போட்டு 100 கிராம் மைதாவுக்கு 55 கிராம் சேருங்கள். 400 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 5 முட்டை வரும். உள்ளங்கையால் தள்ளித் தள்ளி 10 நிமிடம் பிசைந்து, ஈரத்துணியோ பிளாஸ்டிக் உறையோ போர்த்தி அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மைதா தூவாமல் மெல்லிய ரவை தூவி நறுக்குங்கள். மைதா ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர், 10 கிராம் உப்பு. நன்றாகக் கொதிக்கும்போது போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். வடித்த நீரை ஒரு கப் பிடித்து வையுங்கள். அதன் மாவுச்சத்துதான் எண்ணெயையும் சாஸையும் சேர்த்துப் பிடிக்கும். பிசைந்த மாவை ஒரு நாளுக்கு மேல் ஃபிரிட்ஜில் வைத்தால் சாம்பல் நிறமாகும்.

கே: சிறிய ஹோட்டல் தொடங்கப் போகிறேன். ஒரு தட்டுக்கு விலை எப்படி வைப்பது? (வாசகர், ஓசூர்)

ப: ஒரு தட்டுக்குப் போகும் எல்லாவற்றையும், தாளிக்கும் எண்ணெய், வாழை இலை, கூட வரும் வெங்காயம் எலுமிச்சை உட்பட, எழுதுங்கள். அது 80 ரூபாய் என்றால் வீணாவதற்கு 5 சதவீதம் சேர்த்து 84. பொருள் செலவு விலையில் 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று வைத்தால் 84-ஐ 0.30-ஆல் வகுக்கவும்: 280 ரூபாய். பக்கத்துக் கடையில் அதே தட்டு 220 என்றால் விலையைக் குறைப்பதற்கு முன் தட்டின் அளவையும் பொருளையும் திருத்திப் பாருங்கள்.

5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருந்தால், இதன்மேல் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்குவீர்கள். அந்த முறையில் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வாடகைக்கும் சாதனங்களுக்கும் கட்டும் ஜிஎஸ்டி முழுவதும் உங்கள் செலவு. முதலிலேயே கணக்கில் சேருங்கள். டெலிவரி ஆப்கள் எடுக்கும் கமிஷன் நூற்றுக்கு 20-க்கு மேல் போவது சாதாரணம், ஆகவே ஆப் மெனுவுக்குத் தனி விலை வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் பாருங்கள்: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், இடையில் காலி செய்தால் எத்தனை மாத வாடகை பிடிப்பார்கள். இரண்டாவது வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.